சாயங்காலம் ஆகட்டும்

அத்தியாயம் 9

ராசிபுரத்தில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் முப்பது மைலுக்கு மேல் மிதித்து, சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்ற கந்தப்பனை, யாரும் "வா" என்றுகூடச் சொல்லாத அந்த இடத்தில்தான் சென்ற வாரம் விட்டுவிட்டு வந்தோம்.

வெண்ணந்தூரில் அவன் அம்மா நல்லம்மாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். "சௌந்திரத்தையும் பேத்தியையும் ஒருக்கா கண்ணுல காட்டீருடா" என்று கேட்டிருந்தாள். காவிரிக்கரை வேலூரில் வாழ்க்கைப்பட்ட சௌந்திரம் பிறந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆயிற்று. பிரசவத்துக்குக்கூட அவளை அனுப்பவில்லை. பேத்தி பொன்னாத்தாளுக்கு ஒன்றரை வயது. பாட்டி அதன் முகத்தைப் பார்த்ததே இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். சௌந்திரத்தின் புருஷன் அர்த்தநாரி, தன் தங்கை உண்ணாமலையைக் கந்தப்பனுக்குக் கொடுப்பதாக இருந்தான். கந்தப்பன் "இப்ப வேண்டாமுங்க, ஒரு வருசம் போவட்டும்" என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான். ரோஷத்தில் அர்த்தநாரி அந்த மாசமே உண்ணாமலையைக் கரூர்ப் பக்கம் ஐம்பது வயதுக்காரனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிக் கொடுத்தான். அவசரம் அவனுடையது. பழி கந்தப்பன் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அர்த்தநாரி சிரித்த முகமாக வந்தான்.

"மச்சான், இன்னைக்கு எங்க சைக்கிள் சங்கம் ஜேடர்பாளையம் போவுது. நீங்களும் வாங்க."

கந்தப்பன் திகைத்துப் போனான். மூன்று வருஷமாக இந்த வாய் அவனை மச்சான் என்று கூப்பிட்டதில்லை.

"இல்லீங் மாப்பிள்ளை. அம்மா அங்க இழுத்துக்கிட்டுக் கெடக்குறாங்க..."

"தெரியுமுங்க. பந்தயம் கிந்தயமெல்லாம் இல்ல. வாய்க்கா ஓரமாப் பேசிக்கிட்டே போவோம். ஆத்துல குளிச்சு, சாப்பிட்டுத் திரும்பறதுதான். நமக்குள்ள இருக்கறதையும் அங்கயே பேசித் தீத்துக்கலாம். சாயங்காலம் சௌந்திரத்தையும் புள்ளையையும் உங்க கூட அனுப்பறேன். போதுமுங்களா?"

கந்தப்பன் சமையற்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கதவோரம் நின்ற சௌந்திரத்தின் முகம் மலர்ந்திருந்தது.

"போயிட்டு வாண்ணா. ஒரு பகல்தானே" என்றாள்.

*

வேலூர் சைக்கிள் சங்கத்தில் அன்று ஏழு பேர் வந்திருந்தார்கள். தாலுக்கா குமாஸ்தா ஒருவர், வெற்றிலை மண்டிக்காரர் இருவர், இன்னும் மூன்று பேர், அவர்களோடு சங்கத்தின் காரியதரிசி கந்தவேல். கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த கந்தவேலுக்கு அர்த்தநாரியின் வீட்டுக் கட்டடத்தில்தான் கடை. அதனால் அவன் அர்த்தநாரியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"நம்ம சங்கத்துல ஒரே சட்டந்தானுங்க" என்று கந்தவேல் புது ஆளுக்கு விளக்கினான். "ஆரையும் பின்னால உட்டுட்டுப் போவக் கூடாது. ஒருத்தர் நின்னா எல்லாரும் நிக்கோணும்."

ராஜவாய்க்கால் கரை தண்ணீரால் குளிர்ந்திருந்தது. மேட்டூர் அணை கட்டி நாலு வருஷம். ஐப்பசியில் வாய்க்கால் விளிம்பு வரை ஓடியது. ஒரு பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும், மறு பக்கம் தண்ணீரும், நடுவில் செம்மண் தடமுமாகப் பாதை நீண்டது. மேட்டுக்காட்டுச் சோளத்தையே பார்த்து வளர்ந்த கந்தப்பனுக்குக் கண் போதவில்லை. குமாஸ்தா கலெக்டர் துரையின் மிடுக்கை நடித்துக் காட்டப் போய் சைக்கிளோடு வாழைக்குள் புகுந்தார். எல்லோரும் இறங்கி நின்று சிரித்தார்கள். கந்தப்பனும் சிரித்தான்.

அவன் சைக்கிளில் சங்கிலி கழன்றபோது அத்தனை பேரும் நின்றார்கள். அர்த்தநாரியே குனிந்து மாட்டிவிட்டான். கை நிறைய எண்ணெய்க்கறை.

"விடுங்க மாப்பிள்ளை, நானு பாத்துக்கறேன்."

"இதுல என்னுங்க இருக்குது."

பத்து நாளாக அம்மாவின் கட்டிலை விட்டு நகராதவன் கந்தப்பன். முகத்தில் காற்றுப் பட்டு எத்தனை நாள் ஆயிற்று! இவனையா இத்தனை வருஷம் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்தோம் என்று அவன் மனசுக்குள் வருந்தினான்.

*

அவர்கள் கிளம்பி அரை மணிகூட ஆகவில்லை. வெண்ணந்தூரிலிருந்து தூரத்துப் பங்காளி சின்னண்ணன் வந்து சேர்ந்தான். விடிய விடிய சைக்கிள் மிதித்து வந்திருந்தான். அர்த்தநாரியின் அம்மா வள்ளியாத்தாள் கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"நல்லம்மா போயிட்டாங்க. நேத்து ராத்திரி. அண்ணனையும் அம்மிணியையும் கையோட கூட்டியாரச் சொன்னாங்க. அவங்க வந்தாத்தான் எடுக்கோணும்னு பெரியவரு சொல்லீட்டாருங்க."

வள்ளியாத்தாள் கறப்பதை நிறுத்தவில்லை.

"மெதுவாப் பேசு. கந்தப்பன் ஊட்டுல இல்ல. என்ற மகனோட சைக்கிள் உட்டுக்கிட்டு ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்கறான். கறிச்சோறு வேவுது, மணம் வருதில்ல? அவங்களுக்குத்தான்."

சின்னண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெற்றவளைச் சாகக் கிடத்திவிட்டு வந்தவன் கறிச்சோற்றுக்குப் போனானா?

"அம்மிணியாச்சும்..."

"அவளுக்கு ஒடம்பு சொகமில்ல. வர முடியாது. காத்திருக்க வேண்டாம், ஆகறதைப் பாருங்கன்னு நாஞ் சொன்னதாச் சொல்லீரு."

"நானு ஜேடர்பாளையம் போயி அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீட்டு..."

"உனக்கு எதுக்கு அந்த அலைச்சல்? இப்பச் சோத்து வண்டி போவுது. வண்டிக்காரன் சொல்லுவான். பொணத்தை வெச்சுக்கிட்டு அங்க உக்காந்திருக்கறவங்களுக்கு நீ போயிச் சொல்ல வேண்டாமா?"

ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு, வந்த வழியே சைக்கிளைத் திருப்பினான் சின்னண்ணன்.

"ஆருங்க அத்தை வந்தது?" என்று உள்ளேயிருந்து சௌந்திரம் கேட்டாள்.

"மாட்டு யாவாரி."

சௌந்திரம் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். மனசு அங்கே இல்லை. பொன்னாத்தாளுக்கு எந்தச் சட்டையைப் போட்டுக் கூட்டிப் போகலாம்? அம்மா மடியில் உட்கார வைத்தால் அழுமா? வேலை கை தவறாமல் ஓடியது.

வள்ளியாத்தாள் அடுப்படி வாசலில் நின்று அவளைப் பார்த்தாள். இப்போது சொன்னால் தீட்டு. ஆக்கிய சோறு அத்தனையும் குப்பைக்குப் போகும். காதில் விழாத வரைக்கும் தீட்டு இல்லை. அந்த ஒரு காரணம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. போன மாசம் உண்ணாமலை வந்திருந்தபோது முதுகில் பார்த்த தழும்பு.

வண்டியில் பாத்திரங்களை ஏற்றும்போது சௌந்திரம் சின்னத் தூக்குப்போசி ஒன்றைத் தனியாகக் கொடுத்தாள்.

"இதுல ஈரல் வறுத்து வெச்சிருக்கறேன். எங்கண்ணனுக்குன்னு சொல்லிக் குடுத்துருங்க. அதுன்னா அவருக்கு உசுரு."

வண்டிக்காரன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

*

வண்டி ஜேடர்பாளையம் அணைக்கட்டை எட்டும்போது மணி பதினொன்று. எல்லோரும் தண்ணீரில் கிடந்தார்கள். அர்த்தநாரி மட்டும் கரையேறித் தலை துவட்டிக்கொண்டிருந்தான். வண்டிக்காரன் நேராக அவனிடம் போய்க் குனிந்து சொன்னான். பக்கத்தில் வேட்டி பிழிந்துகொண்டிருந்த கந்தவேலின் காதிலும் அது விழுந்தது.

அர்த்தநாரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்தான். கந்தப்பன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று குமாஸ்தாவின் மேல் நீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொன்னால், அர்த்தநாரி காலையில் நினைத்திருந்தது வேறு. நாளெல்லாம் இழுத்தடித்து, சாயங்காலம் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று கைவிரிப்பதாகத்தான் இருந்தான். இது தானாக வந்து கையில் விழுந்தது. கீழே போட அவனுக்கு மனசு வரவில்லை.

"ஆருகிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றான் வண்டிக்காரனிடம். பிறகு கந்தவேலைப் பார்த்தான். கந்தவேல் மறுபடி வேட்டியைப் பிழிந்தான். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

இலை போட்டார்கள். அர்த்தநாரி தானே பரிமாறினான்.

"இது சௌந்திரம் உங்களுக்குன்னே குடுத்து உட்டது. எடுத்துக்குங்க மச்சான்."

கந்தப்பன் தூக்குப்போசியைத் திறந்து பார்த்ததும் சிரித்துவிட்டான். "கழுதை, இன்னம் மறக்கல பாருங்க" என்றான்.

"நல்லாச் சாப்பிடுங்க. இன்னம் ஒரு கரண்டி. உங்கம்மா நெனப்புல அரைவயிறாச் சாப்பிட்டுப் போனீங்கன்னா எனக்குத்தானுங்க கெட்ட பேரு."

ஆற்றுக் குளியல் பசியைக் கிளப்பியிருந்தது. கந்தப்பன் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். எதிர் வரிசையில் கந்தவேலின் இலையில் போட்டது போட்டபடி இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் கந்தப்பன் மெல்லக் கேட்டான். "கெளம்பலாமுங்களா மாப்பிள்ளை?"

"வெயில் தாழட்டுமுங்க. பரிசல்ல ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்."

பரிசலில் போனார்கள். நடு ஆற்றில் வைத்து அர்த்தநாரி மேட்டூர் அணையைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினான். திரும்பியபோது மணி ஒன்று. மற்றவர்கள் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

கந்தப்பன் தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கந்தவேல் வந்து நின்றான்.

"நீங்க போயிருங்க. இப்பவே போயிருங்க. உங்கம்மா நேத்து ராத்திரியே தவறிட்டாங்களாமுங்க."

கந்தப்பன் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"ஆரு சொன்னாங்க?"

"வண்டிக்காரன் கொண்டாந்த சேதிங்க."

"எப்ப? சோத்துக்கு முன்னாலயா, அப்பறமா?"

கந்தவேல் தலை குனிந்தான். "முன்னாலங்க."

கந்தப்பன் நாணல் புதருக்குப் பின்னால் ஓடினான். தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுத்தான். வயிறு காலியான பிறகும் விரலை எடுக்கவில்லை. கண்ணில் ரத்தம் கட்டியது. ஆற்றில் வாய் கொப்பளித்துவிட்டு, மரத்தடிக்கு வந்தான்.

"மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியுமா?"

அர்த்தநாரி எழுந்திருக்கவில்லை. "தெரியும்."

"தெரிஞ்சிருந்துமா எனக்குக் கரண்டி கரண்டியாப் போட்டீங்க?"

"உண்ணாமலைக்குத் தாலி ஏறுன அன்னைக்கு எங்கூட்டுல ஆரும் பச்சத்தண்ணி குடிக்கல மச்சான். நீங்க உங்கூருல வயிறாரத்தான் சாப்பிட்டிருப்பீங்க. அன்னைக்கு நீங்க சாப்பிட்டதை நாம் பாக்கல, இன்னைக்குக் கண்ணாலயே பாத்துட்டேன். அவ்வளவுதான்."

மரத்தடியில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். குமாஸ்தா மண்ணைப் பார்த்தார்.

"என்னை என்ன வேணாலும் பண்ணிக்குங்க. எங்கம்மா பொண்ணு மொகம் பாக்காமச் செத்துப் போயிட்டா. சௌந்திரத்தை இப்ப அனுப்பச் சொல்லுங்க. ரெண்டரை மணி பஸ்ஸைப் புடிச்சாத்தான் பொழுதோட போவ முடியும்."

"சாயங்காலம் அனுப்பறேன்னு சொன்னேன். புள்ளையோட அனுப்பறேன்னு சொன்னேன். சொன்ன சொல்லு மாற மாட்டேன்." அர்த்தநாரி துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டான். "சாயங்காலம் ஆகட்டும்."

கந்தப்பன் சைக்கிளில் ஏறினான். சங்கத்துக்காரர்கள் ஏழு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவனோடு ஒருவரும் கிளம்பவில்லை. சொன்ன கந்தவேலும் கிளம்பவில்லை.

*

வேலூரில், வண்டி போன பிறகு வள்ளியாத்தாள் மருமகளைப் பாத்திரம் கழுவச் சொன்னாள். வாசல் கூட்டச் சொன்னாள். மத்தியானம் எதிரில் உட்கார வைத்துச் சோறு போட்டாள். சௌந்திரம் கை கழுவி வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"சாப்பிட்டு முடிச்சாச்சா?"

"ஆச்சுங்க அத்தை."

"போயித் தலைக்கு ஊத்திக்க. உங்கம்மா போயிட்டா. காத்தாலயே ஆளு வந்து சொல்லீட்டுப் போனான்."

சௌந்திரம் அழவில்லை. "மாட்டு யாவாரின்னு சொன்னீங்களே?" என்று மட்டும் கேட்டாள். அதையே மறுபடி கேட்டாள். பிறகு கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு மணி நேரமாக நின்றபடியே இருந்தாள்.

கந்தப்பன் வந்து இறங்கியபோது அவன் முகத்தைப் பார்த்து, இவனுக்கும் தெரியும் என்று புரிந்துகொண்டாள்.

"அண்ணா, நீயும் சாப்பிட்டியா?"

அவன் சைக்கிளைத் திருப்பிப் பிடித்தான். "பொறப்படு. பஸ்ஸுக்குக் கால் மணிதான் இருக்குது."

அவர்கள் படியிறங்குவதற்குள் அர்த்தநாரி வந்துவிட்டான். நல்ல சைக்கிள், மூச்சுக்கூட வாங்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழந்தையின் முன் இரண்டு கையையும் நீட்டினான். அப்பனைக் கண்டதும் அது சிரித்துக்கொண்டே தாவியது.

"இப்பப் போறதுன்னா நீ மட்டும் போ" என்றான் மனைவியிடம். "ஆனா திரும்ப இந்தப் படி ஏறாதே. சாயங்காலம் வரைக்கும் இருந்தீன்னா புள்ளையோட நானே பஸ் ஏத்தி உடறேன். எப்ப வேணாலும் திரும்பி வரலாம்."

"சாயங்காலம் ராசிபுரத்துப் பக்கம் ஏதுங்க பஸ்சு?"

"அது எனக்குத் தெரியாது."

வள்ளியாத்தாள் குழந்தையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நிலைப்படிக்கு உள்ளே போய் நின்றாள்.

"மாப்பிள்ளை, உங்க காலைக் கும்பிடறேன்" என்று கந்தப்பன் குனிந்தான். அர்த்தநாரி காலை நகர்த்திக்கொண்டான்.

தெருக்கோடியில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

சௌந்திரம் உள்ளே பார்த்தாள். பொன்னாத்தாள் மாமியாரின் காதுத் தண்டட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அத்தைங்க" என்றாள். "ராத்திரி முழிச்சுதுன்னா பாலுக்கு அழுவும். முதுகைத் தட்டுனாத் தூங்கீரும். எடது பக்கமாப் படுக்க வெக்காதீங்க, காதுல சீழு."

வள்ளியாத்தாள் கதவைச் சாத்தினாள்.

சௌந்திரம் படியிறங்கினாள். கடைத்தெரு முழுக்கப் பார்க்க, ஈரத்தலையோடு அண்ணனின் சைக்கிள் பின்னால் ஓடினாள்.

*

நாமக்கல்லில் பஸ் மாறி, ராசிபுரத்தில் இறங்கி, பஸ்ஸின் மேலிருந்து சைக்கிளை இறக்கினார்கள். கடைசி ஆறு மைலுக்குக் கந்தப்பன் தங்கையைப் பின்னால் உட்கார வைத்து மிதித்தான். வழியில் சௌந்திரம் ஒரே ஒரு தடவை, "எனக்காகத்தானே எடுக்காம வெச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். "ஆமா சாமி" என்றான் அவன்.

வீட்டு வாசல் கழுவி விட்டிருந்தது. கட்டில் வெளியே சாய்ந்து கிடந்தது. பந்தலுக்கு நட்ட கம்புகளை ஒருவன் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

பெரியப்பன் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுற்றி உறவும் உறம்பரையுமாக ஜனம். அவருக்குப் பக்கத்தில் அவருடைய மகன் மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். கொள்ளி வைத்தவன் அவன்தான்.

தாழ்வாரத்துக் கடைசியில் சின்னண்ணன் நின்றான். கந்தப்பனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மூணு மணிக்கு எடுத்தோம்" என்றார் பெரியப்பன். "நீங்க ஆரும் வர மாட்டீங்கன்னு சேதி வந்துருச்சு. ஆத்துல தண்ணி நெறையப் போவுதாடா?"

கந்தப்பன் பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் கோத்து வைத்திருந்தான். மச்சான் என்று கூப்பிட்டது, சாயங்காலம் என்று சொன்னது, வண்டிக்காரன், கந்தவேல், எல்லாவற்றையும். பெரியப்பன் கேட்டது வேறு.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆமா இல்லைன்னு சொன்னாப் போதும். உங்கம்மா இங்க பொணமாக் கெடக்க, நீ அங்க ஆத்தங்கரையில கறிச்சோறு தின்னியா, இல்லியா?"

கூட்டம் அவன் வாயையே பார்த்தது.

"தின்னேன் பெரீப்பா."

ஒரு கிழவர் எழுந்து வேலியோரம் போய்த் துப்பினார்.

"அவருக்குத் தெரியாதுங்க பெரீப்பா! சோத்தை ஆக்கிக் குடுத்ததே நானுங்க. எனக்கும் சொல்லல..." என்று சௌந்திரம் முன்னால் வந்தாள்.

"பொம்பளைங்க பேச வேண்டாம்" என்றார் பெரியப்பன். அவர் குரல் உயரவில்லை. "நாளைக்குக் காத்தால பாலூத்தி எலும்பு பொறுக்கப் போறோம். கொள்ளி வெச்சவன் பொறுக்குவான். நீ அந்தப் பக்கம் வர வேண்டாம் கந்தப்பா. வந்தீன்னா நாங்க ஆரும் வர மாட்டோம்."

கந்தப்பன் வாசலில், சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

சித்தி அத்தாயி மட்டும் எழுந்து வந்து சௌந்திரத்தின் கையைப் பிடித்தாள். கிணற்றடிக்குக் கூட்டிப் போய், குத்துக்கல்லில் உட்கார வைத்தாள். முதல் வாளி நீரைத் தூக்கியவள், ஊற்றாமல் நிறுத்திவிட்டாள். சௌந்திரத்தின் ரவிக்கை முன்பக்கம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

"புள்ளை எங்க சாமி?"

"அங்க இருக்குதுங்க."

"பால் மறந்துருச்சா?"

"இல்லீங்."

"ஆருகிட்ட உட்டுட்டு வந்தே? எப்பத் திரும்பிப் போறே?"

சௌந்திரம் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். மத்தியானத்திலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அது செத்தவளுக்கான அழுகை இல்லை என்பது அத்தாயிக்குத் தெரிந்துவிட்டது. அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தலையில் தண்ணீரை ஊற்றினாள். பிறகு கயிற்றை மறுபடியும் கிணற்றுக்குள் விட்டாள்.